மகன் பேருக்கு முன்னால் அடித்த மணி

செவ்வாய், இரவு.

இலங்கைச் சிறையில் இருக்கும் என் மகன் அந்தோணிக்காக எங்கள் எம்.பி. இன்று டெல்லி சபையில் பேசினார். டிவி முன்னால் நானும் மருமகளும் இருந்தோம். பெரிய கட்சிக்காரர்கள் மதியம் முழுக்கப் பேசினார்கள். ஒற்றை ஆள் கட்சி என்பதால் இவருக்கு மூன்று நிமிடம்தான்.

"வணக்கம் சொல்லவே பாதி போயிரும் தாயி" என்று கிண்டலடித்தேன்.

"சும்மா இருங்க மாமா."

வணக்கமும் நன்றியும் சொல்லி முடித்து, மீனவர்கள் என்று ஆரம்பித்ததுமே மணி அடித்து மைக்கை நிறுத்திவிட்டார்கள். வாய் மட்டும் அசைந்தது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் சின்ன வள்ளம் வைத்திருப்பவன் பேசி முடித்த பிறகுதான் விசைப்படகு முதலாளியே வாயைத் திறப்பார்.

"இவுக பேரச் சொன்னாரா மாமா?"

"சொல்லிட்டாரு தாயி. சத்தந்தான் வரல."

"கடைசியா வாயசைச்சாரே, அதுலயா?"

அதற்கும் ஆமாம் என்றேன்.