குடிகாரன் வலி

அண்ணே,

காலையில் பெட்டியைத் திறந்ததும் உங்கள் சிவப்புத் துண்டிலிருந்து கற்பூர வாடை குப்பென்று ஏறியது. இந்த வருஷம் அய்யனாருக்குச் சாமியாட உங்கள் மகன்தான் அதை இடுப்பில் கட்டப்போகிறான். துண்டைத் தொட்டதுமே உங்களைக் கொண்டுபோன அந்த வலிதான் நினைவுக்கு வந்தது.

அந்த வலி முதலில் வந்தது என் வீட்டுக்காரருக்கு. சாராயம் குடித்துவிட்டு வந்தவர் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார், முதுகுக்குப் பாய்கிறதென்று அலறினார். நீங்கள்தான் வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். கணையம் வீங்கியிருக்கிறது, குடியால் வந்தது என்றார் டாக்டர். சீக்கிரமே மனுஷன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். ஊர் அதற்குக் 'குடிகாரன் வலி' என்று பேர் வைத்துச் சிரித்தது.

மறுவருஷம் அய்யனார் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரத்தில் அதே வலி உங்களுக்கு வந்தது. சாராயத்தை நாக்கில் வைக்காத உங்களுக்கு! சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றீர்கள்.

"சத்தம் போடாதே ஆத்தா. சாமியாடி ஒளிச்சுக் குடிக்கிறான்னுருவாய்ங்க."

"வண்டி கட்டச் சொல்லட்டாண்ணே?"

"குடிச்ச ஒம் புருசனுக்கே சரியாப் போச்சு. குடிக்காத என்னை என்ன செஞ்சிரும்?"

அந்த வலியோடேயே அரிவாள் எடுத்து ஆடினீர்கள். ஆடி முடித்து விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது விலாவெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"இது பித்தப்பைக் கல்லால வந்ததும்மா," என்றார் டாக்டர். "குடியோ கல்லோ, எதுனால வந்துச்சுங்கறத வச்சு லேசாப் போகுமா கொல்லுமான்னு சொல்ல முடியாது. வலி வந்தா ஒடனே கொண்டாந்திரணும்."

மூச்சு இரைக்க இரைக்க என் கையை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். பிறகு அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் என்னை விடவில்லை அண்ணே. சாப்பிட உட்கார்ந்தவர் யார் வயிற்றைத் தடவினாலும் தெருவில் வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.

இன்றைக்குத் துண்டோடு போய்ப் பார்த்தால், உங்கள் மகன் சுவரைப் பிடித்துக் குனிந்து நிற்கிறான். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஒண்ணுமில்லத்தே. வெளிய சொல்லிராதீங்க."

ஐயோ, அதே பேச்சு! குடித்தாயா என்று நான் கேட்கவில்லை.

"முதுகுக்குப் பாயுதாடா?"

தலையை ஆட்டினான்.

தெருவுக்கு ஓடினேன். காப்புக் கட்டிய ஊர் மொத்தமும் கேட்கக் கத்தினேன். "அடேய், வண்டியக் கட்டுங்கடா! எம் மருமகனுக்குக் குடிகாரன் வலி!"

அவனை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் துண்டு என் மடியில் இருக்கிறது. பயமாக இருக்கிறதண்ணே.