கொல்கத்தா நேரமும் மாமா நேரமும்

கடிகாரத்துக்கே அவசரம் கற்றுக்கொடுத்த என் மாமாவுக்கு,

நீங்கள் போன இடத்தில் விடியற்காலை என்று ஒன்று உண்டா? இருந்தால் இந்நேரம் அங்கேயும் எல்லோரையும் எழுப்பி விட்டிருப்பீர்கள். பாவம், செத்தும் நிம்மதியாகத் தூங்க முடியவில்லையே என்று பக்கத்தில் யாராவது முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உங்கள் மகன் இப்போது கோழிப் பண்ணையை முழுக்கத் தானே பார்க்கிறார். தீவன விலை ஏறிக்கொண்டே போகிறது. நிலையாக முட்டை வாங்குகிறவர்கள் என்று நமக்கு இருப்பது அந்த விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதுவும் போனால் ஒரு கொட்டகையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று அவர் சாப்பிடும்போதெல்லாம் சொல்கிறார். அந்தப் பேச்சு வந்தால் அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்.

போன வாரம் அது கிட்டத்தட்ட நடந்தேவிட்டது மாமா. அதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். கூடத்துச் சுவர்க் கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடுவதைப் பார்த்து, ஆத்தூர்க்காரியின் சுறுசுறுப்பைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு ஸ்டூல் போட்டு ஏறினேன். நீங்கள் பின்னாலிருந்து, “அதத் தொடாத சாமி. அது தப்பா ஓடல, நாந்தான் ஓட்டறேன்” என்றீர்கள். அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் நாமெல்லோரும் கல்யாண மண்டபங்களுக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கும் முன்னால் போய், நாற்காலி அடுக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

படித்த படிப்பை விட்டுவிடாதே என்று சொன்னவர் நீங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் என் கணினிக்கும் ஓட வேண்டும் என்று ஆள் வைத்து என் அறைக்குத் தனி ஒயர் இழுத்துக் கொடுத்தீர்கள். அந்தக் கணினியில்தான் நம் பண்ணைக்கான நிரலை எழுதினேன். முட்டை ஏற்றும்போது போனில் பதிந்தால் பில் தானாக வரும். எங்கோ ஒரு கம்பெனியின் சர்வரில் வாடகைக்கு இடம் பிடித்து அதை ஓடவிட்டோம். ஊரெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். ஆனால் தொடங்கிய சில நாட்களிலேயே அது என் மானத்தை வாங்கியது.

நம் வண்டி விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். பில்லிலோ முந்தைய நாள் தேதி விழுந்தது. நேற்றைய தேதி போட்ட சரக்கை இறக்க முடியாது என்று விடுதி வார்டன் சொல்லிவிட்டார். பிள்ளைகள் சாப்பிடுகிற இடம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். சமையலறையில் ஒரு தட்டு வாங்கி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றினீர்கள். மஞ்சள் கரு குண்டாக எழும்பி நின்றது.

“இத நேத்து முட்டைங்கறீங்களா சார்? என்ற மருமவ போட்ட பில்லு இது. அதுல என்னமோ சின்னக் கோளாறுங்க. அவளே சரி பண்ணிப் போடுவா.”

ஒரு நாள் வித்தியாசத்தை மஞ்சள் கரு காட்டாது என்பது உங்களுக்கும் தெரியும், வார்டனுக்கும் தெரியும். ஆனாலும் உங்கள் முகத்துக்காக அவர் இறக்கச் சொன்னார். கோளாறு என்ன என்று அப்போது எனக்கே தெரியாது. திரும்பி வரும் வழியெல்லாம் நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நம்பிக்கைக்கு நான் உங்கள் முன்னால் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, வீட்டுக்குள் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்?

அன்று மத்தியானமே காரணம் பிடிபட்டது. உங்களுக்கு விளக்கினேன். சர்வர் உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, நாம் காலை ஐந்து மணிக்கு முட்டை ஏற்றினால் அதற்கு இன்னும் நேற்று இரவுதான் என்றேன். நீங்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“அப்ப அதையும் அஞ்சரை மணி நேரம் முன்னால தள்ளி வெச்சுரு சாமி. நம்மூட்டுக் கடியாரத்த நான் தள்ளி வெக்கலியா?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கடிகாரத்தைத் தொடக் கூடாதுங்க மாமா. அது சரியாத்தான் ஓடுது. அதைத் தள்ளி வச்சா மத்த கணினிகளோட பேச்சு வார்த்தையே நின்னுடும். பார்க்கிறவங்க எந்த ஊருன்னு மட்டும் அதுக்குச் சொல்லணும், அவ்வளவுதான்” என்றேன். சரி, நாமக்கல் என்று சொல் என்றீர்கள். அந்தப் பட்டியலில் நாமக்கல் இல்லை, சேலம் இல்லை, சென்னைகூட இல்லை, இந்தியாவுக்கெல்லாம் சேர்த்துக் கொல்கத்தா ஒன்றுதான் இருக்கிறது என்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தீர்கள்.

“நம்ம கோழி, நம்ம முட்டை, நேரம் மட்டும் கொல்கத்தாவுதா? நல்லாருக்குது போ.”

அதற்குப் பிறகு யார் வந்தாலும், எங்கள் வீட்டு முட்டை கொல்கத்தா நேரத்துக்குத்தான் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கேட்டவர்கள் நாம் வங்காளத்துக்கு ஏற்றுமதி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். நீங்களும் திருத்தவில்லை.

இனி போன வாரத்துக் கதை. சர்வர் கம்பெனிக்காரர்கள் நம் நிரலைப் பழைய இயந்திரத்திலிருந்து புதியதற்கு மாற்றியிருந்தார்கள். கொல்கத்தா என்று நான் சொல்லி வைத்தது பழைய இயந்திரத்திடம். புதியதற்கு யார் சொல்வது? மறுநாள் காலை வண்டி போய்ச் சேர்ந்ததும் டிரைவர் பழனி கூப்பிட்டான்.

“அக்கா, பில்லுல நேத்துத் தேதி இருக்குதுங்க. வார்டன் எறக்க வேண்டாங்கறாருங்க.”

பழைய வார்டன் மாறிப் போய்விட்டார். புதியவருக்கு உங்களைத் தெரியாது. முட்டையை உடைத்துக் காட்டட்டுமா என்று பழனி கேட்டதற்கு, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாராம். போனை அவரே வாங்கி, “அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள சரியான பில் வரணும்மா. இல்லேன்னா வேற பண்ணை வண்டியைக் கூப்பிடுவேன். நாளையிலிருந்தும் அவங்களே போட்டுக்கட்டும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன்.

உங்கள் மகன் கொட்டகையிலிருந்து ஓடி வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “அந்தச் சர்வர் கடியாரத்தத் தள்ளி வெக்க முடியாதா?” என்று கேட்டார். அந்தப் பதற்றத்திலும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது, அவர் உங்கள் மகன்தான் மாமா, சந்தேகமே வேண்டாம்.

புதிய இயந்திரத்துக்குக் கொல்கத்தா என்று சொன்னேன். நேரத்தைக் கேட்டுப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. பில்லை மறுபடி எடுத்தேன். அதே நேற்றுத் தேதி. ஒரு கொட்டகைக் கோழிகள், அவற்றை நம்பிய ஆட்கள், தட்டோடு உள்ளே போகிற அத்தை, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. நீங்கள் இருந்தால் பின்னால் நின்று எதுவும் கேட்காமல் இருப்பீர்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு போதுமானதாக இருந்தது, காரணம் பிடிபட்டது. இயந்திரம் ஊரை மாற்றிக்கொண்டாலும், அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தான் கிளம்பியபோது கேட்ட ஊரையே பிடித்துக்கொண்டிருக்கும். அதை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட விட வேண்டும். விட்டேன். பில்லில் இன்றைய தேதி விழுந்தது.

பழனிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டான்.

“எறக்கிட்டோமுங்க அக்கா. நல்ல வேளை, இன்னைக்கும் நாம முந்தியே வந்துட்டோம். அடுப்புப் பத்த வெக்கவே இப்பத்தான் வாராங்க.”

தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். வண்டி கிளம்புவது இன்னும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான். நீங்கள் முன்னால் தள்ளி வைத்த இருபது நிமிடத்துக்குள்தான் நான் எல்லாவற்றையும் சரி செய்து முடித்திருக்கிறேன். இல்லாத ஒருவர் எனக்குக் கொடுத்த நேரம் அது. அடுக்களையில் போய் நின்று அழுதேன். அத்தை காபியை ஆற்றிக் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் புது பேட்டரி வாங்கி வந்தார். பேட்டரி மாற்றும்போது நேரத்தையும் சரியாக வைத்துவிடலாம், இனி யாருக்காக முந்தி ஓட வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். தினம் தினம் மனதுக்குள் கழித்துப் பார்க்க அலுத்துப்போய் நானும் சரி என்றிருந்தேன். அவர் ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்பக் கை வைத்தார்.

“அதைத் தொடாதீங்க” என்றேன்.

“தப்பா ஓடுதே.”

“தப்பா ஓடலைங்க. மாமா ஓட்டறாரு.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முள்ளை இருபது நிமிடம் முன்னால் வைத்து, கடிகாரக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு இறங்கினார்.

கொல்கத்தாவை இப்போது நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டேன் மாமா. இனி எந்த இயந்திரத்துக்கு மாற்றினாலும் அது நம் ஊரை மறக்காது. சுவர்க் கடிகாரத்துக்கு நான் பொறுப்பு. பேட்டரி தீரும்போதெல்லாம் மாற்றி, உங்கள் நேரத்துக்கே வைப்பேன். நம் வண்டி என்றைக்கும் அடுப்புக்கு முந்தியே போய் நிற்கும்.

உங்கள் நேரத்துக்கு எழுந்திருக்கும் மருமகள்,
கவிதா