சாவியில் ஒரு திருப்பு

ஜூன் 14, ஞாயிறு

இமோலாவில் ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் சர்ச்சுக்குப் போகிறார்கள். நான் கராஜுக்குப் போகிறேன். என் கணவன் எர்மெஸின் சிவப்பு பைக்கை ஐந்து நிமிடம் உறும விட வேண்டும். இடுப்பு அறுவைக்குப் பிறகு அவனால் குனிய முடியாது. அக்டோபர் வரை ஏறவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். அதனால் அதிகாரம் பால்கனியில், வேலைக்காரி நான் கீழே.

இன்று பட்டனை அமுக்கினால் டிக் டிக் என்றது, அவ்வளவுதான். போன வாரம் ஹேண்டிலைப் பூட்டும்போது சாவியை ஒரு திருப்பு அதிகமாகத் திருப்பியிருக்கிறேன். பூட்டைத் தாண்டினால் பார்க்கிங் விளக்கு எரியுமாம், சாவியை உருவிய பிறகும். பேட்டரி செத்துவிட்டது.

"முப்பது வருஷமா பாக்குற. பூட்டோட நிக்கணும்னு தெரியாதா?"

நான் பார்த்தது அவனை. சாவியை யார் பார்த்தார்கள்?

ஜூன் 20

மெக்கானிக் கவீனா புது பேட்டரி போட்டுவிட்டு ஒரு சார்ஜரும் கொடுத்தார். "நோர்மாக்கா, இத மாட்டிட்டு மறந்துடுங்க. பச்சை எரிஞ்சா நல்லா இருக்குன்னு அர்த்தம். வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஓட்டுறீங்களே, அதான் பேட்டரியக் கொல்லுது. எடுத்த கரண்ட் திரும்புறதுக்குள்ள அணைச்சுடுறீங்க."

அப்படியானால் என் ஞாயிறுகள் எல்லாம்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஜூன் 21

சொன்னேன். "கவீனாவுக்கு விக்கத்தான் தெரியும்" என்றான் எர்மெஸ். கீழே போய் ஸ்டார்ட் செய்தேன்.

ஜூலை 12

தங்கை மிரெல்லா போன் செய்தாள். செசெனாட்டிகோவில் கடலோர வீடு, ஆகஸ்ட் முழுக்க வந்து இரு என்கிறாள்.

"சார்ஜர் தீப்பிடிச்சா யாரு பாக்குறது?" என்றான் எர்மெஸ்.

"அது மாட்டிட்டு மறக்குற சார்ஜர்."

"மறக்குறதுக்கா வண்டி வாங்கினேன்?" பிறகு, மெதுவாக: "நீயும் போயிட்டா நான் இங்க என்ன பண்றது?"

நான் கடலைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது — இதை யாரிடம் சொல்ல?

ஆகஸ்ட் 2

போகிறேன். சார்ஜரை மாட்டிவிட்டேன். பச்சை. ஃப்ரிட்ஜில் லசானியா. எர்மெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆகஸ்ட் 9

தோள் கருத்துவிட்டது. தினமும் காலையில் போனில் அவனிடமிருந்து ஒரே ஒரு சொல்: "பச்சை." ஒரு வாரம் நிம்மதியாக இருக்கக்கூடாதா நான்?

ஆகஸ்ட் 14

இன்று செய்தி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். மதியத்துக்கு முன் தெருவில் அந்தச் சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா?

எர்மெஸ் பைக்கிலிருந்து இறங்க முடியாமல் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். எப்படிக் குனிந்து சார்ஜர் ஒயரைப் பிடுங்கினானோ. நானும் மிரெல்லாவும் தாங்கிப் பிடித்து இறக்கினோம். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன், அழுதேன். அவன் பின்சீட்டைக் காட்டினான். என் பழைய ஹெல்மெட் கட்டியிருந்தது.

"நாளைக்குக் காலைல கிளம்புறோம்."

"இந்த இடுப்போடவா?"

"வந்தேன்ல."

சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். வண்டியை ஷெட்டில் விட்டு ஹேண்டிலைப் பூட்டச் சொன்னான். பூட்டினேன். கிளிக் என்றது. அங்கே நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் நின்றேன் —

பிறகு மிரெல்லாவின் பழைய படுக்கை விரிப்பால் வண்டியை முழுக்க மூடிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15

டிக் டிக்.

இன்று ஃபெரகோஸ்தோ, ஊரே விடுமுறை. சார்ஜர் இமோலாவில். இங்குள்ள பட்டறைக் கதவில் மாதக் கடைசி வரை அடைப்பு என்று ஒட்டியிருக்கிறது. தன் காரிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யலாமே என்றாள் மிரெல்லா. "கார் கரண்ட் குடுத்தா இதோட மூளை கருகிடும்" என்று எர்மெஸே தடுத்துவிட்டான்.

சாவித் துவாரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"கடைசித் திருப்பா?" என்றான்.

விதை குறைவான துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தேன். முழுவதும் தின்று முடித்தான். பிறகு மிரெல்லா பக்கம் திரும்பினான்.

"உன் வீட்டுக்காரரோட நீச்சல் டவுசர் பழசு ஏதாவது கிடக்கா?"