கல் விழுந்த சத்தம்

ஏனுங்க,

சத்தீஸ்கர் காட்டுக்குள் உங்கள் போனுக்கு டவர் இல்லை போலிருக்கிறது. கிடைத்ததும் முதலில் இதைப் படியுங்கள். போர்வெல் போடும் ரிக் வண்டியில் உடனிருப்பவர்களுக்குக் காட்ட வேண்டாம்.

மழை விடுமுறைக்கு என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஒரு செயல்பாடு கொடுத்தேன். ‘உங்கள் ஊரில் தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது? யாரையும் கேட்காதீர்கள். நீங்களே கண்டுபிடித்து வீடியோ அனுப்புங்கள்.’ விடையைச் சொல்லாமல் பிள்ளைகளையே தேட வைக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய முறை. பெருமையாகத்தான் எழுதினேன்.

காலையில் கிருத்திகாவின் வீடியோ வந்தது. அவளுடைய வெறுங்கால் தெரிந்தது. அதை ஒட்டி ஒரு குழி. “டீச்சர், கல்லுப் போட்டேனுங்க. சத்தமே வரலீங்க. இன்னும் கிட்டக்கப் போய்க் கேக்கறேனுங்க.” அதோடு வீடியோ நின்றுவிட்டது.

குழியோரம் கிடந்த சாக்கு, அதை மூட நாம் போட்டது. தண்ணீர் வரவில்லை என்று நம் மேட்டுக்காட்டில் கேசிங் பைப்பை உருவிக்கொண்டு நீங்கள் விட்டுப்போன போர்க்குழிதான் அது. மழையில் வாய் சரிந்து அகன்றிருக்கிறது.

ஓடினேன். வரப்பில் உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருந்தாள். “எதுக்குங்க டீச்சர் அழுவறீங்க?” என்றாள்.

அதைப் பாறாங்கல் வைத்து மூடியாயிற்று. செயல்பாட்டை நிறுத்தச் சொல்லிக் குரூப்பில் போட்டுவிட்டேன். ஆனால் பாதி வீடுகளில் ஒரே போன்தான். அது அப்பாவோடு கோழிப்பண்ணைக்குப் போய்விட்டது. பிள்ளைகள் இந்நேரம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நம் புதுச்சத்திரத்தைச் சுற்றி நீங்கள் இப்படி விட்டுவந்த போர்கள் எங்கெங்கே இருக்கின்றன? ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். யாரையும் கேட்காதீர்கள் என்று அவர்களுக்குச் சொன்ன நான், உங்களைத்தான் கேட்கிறேன்.

ஸ்கூட்டி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்
உங்கள் வீட்டுக்காரி