ஏலத்தில் தூக்கிய கை

மாமா,

மாலையை மாற்றும்போது கையில் சம்பங்கி வாசம் ஒட்டிக்கொள்கிறது. படக் கண்ணாடிக்குள் நீங்கள் வலது கையைத் தூக்கி, வாயைப் பிளந்து நிற்கிறீர்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

உரக்கடையைப் பூட்டிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறுவீர்கள். பழைய பங்களா சாமான் ஏலத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகத் தேடி வாங்குவீர்கள். நான் வைத்த பேர் ஏலக்காய் மாமா. முதலில் படமாக வந்து சுவரேறியவர், வெடித்த கரிசலில் நடந்துபோகும் தலைப்பாகைக் கிழவர்.

"யாரு மாமா இவரு?"

"தெரியாதுட்டி."

"தெரியாத ஆளையா துட்டு குடுத்து வாங்குதீங்க?"

"ஆளுக்கு இல்லட்டி, அந்த வெயிலுக்கு. எத்தன வருசமா பேப்பர்ல அப்படியே காயுது பாரு."

நம்மூரில் சுவரேறிய கிழவர் என்றால் செத்தவர்தானே! பக்கத்து வீட்டு அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தணிந்த குரலில், "எப்பத் தவறுனாவ?" என்றார். நான் முந்திக்கொண்டு, "நேத்துதான் மதுரையில இருந்து வந்தாவ" என்றேன். அவர் முழித்த முழி! அதற்குள் அத்தை படத்தின் கண்ணாடியில் குங்குமம் வைத்துவிட்டாள். "பேப்பர்ல படலியே?" என்று நீங்கள் பதறினீர்கள்.

ஊரார் படத்தை வாங்கிய நீங்கள் ஒரு படத்துக்கும் நின்றதில்லை. கேமராவைக் கண்டால் கொல்லைப்பக்கம் ஓட்டம். அதனால்தான் போன லீவில் உங்களோடு ஏலத்துக்கு வந்தபோது தோழியின் ரீல் கேமராவை ஒளித்து எடுத்துவந்தேன். நீங்கள் கை தூக்கிய நொடியில் அமுக்கினேன்.

"ஏட்டி, அத்தைட்ட காட்டிராத!"

நீங்கள் கேட்ட படம் வேறொருவருக்குப் போய்விட்டது. வெறுங்கையோடு, ஆனால் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினீர்கள்.

நீங்கள் போன அன்று மாலை போட வீட்டில் உங்கள் படம் ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டையில் இருப்பது நீங்கள்தானா என்று அத்தைக்கே சந்தேகம். கடைசியில் நான் எடுத்ததை நீட்டினேன்.

"கைய வெட்டிட்டுப் பெருசாக்கிரட்டுமா?" என்றார் ஸ்டுடியோ அண்ணன்.

"கைய வெட்டுனா அது வேற ஆளு" என்றாள் அத்தை.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், "யாரக் கூப்பிடுதாவ?" எனக்குத் தெரியவில்லை மாமா. கேமராவில் உங்களையே பார்த்திருந்த நான், நீங்கள் பார்த்ததைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அது என்ன படம்? ஆளா, மாடா, வெறும் வெயிலா? கிடைக்காததற்கு எதற்குச் சிரித்தீர்கள்?

உங்கள் கண் போகிற எதிர்ச்சுவர் காலியாகக் கிடந்தது. அடுத்த ஏலம் எப்போது என்று விசாரித்துவிட்டு, நேற்று அந்தச் சுவரில் ஓர் ஆணி அடித்தேன்.

"என்னத்தட்டி மாட்டப் போற?" என்றாள் அத்தை.

"தெரியாது அத்தை" என்றேன்.