இருபது நிமிடத் தூக்கம்

மார்ச் 2, மாலை

கரை. அறுபத்திரண்டு நாளுக்குப் பிறகு தரையில் நின்றேன். தரை ஆடவில்லை, நான்தான் ஆடினேன்.

துறையில் கயிறு வாங்கிக் கட்டிய ஆள், "கூட வந்தவங்க உள்ள தூங்கறாங்களா?" என்று கேட்டார். "யாரும் இல்ல, நான் மட்டும்தான்" என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். நாற்பத்தேழு வயதுப் பொம்பளை, மூக்குக்கண்ணாடி வேறு. எல்லாத் துறைமுகத்திலும் இதே பார்வைதான். பழகிவிட்டது. கொஞ்சம் பிடித்தும் போய்விட்டது.

இங்கே ஐந்து நாள். தண்ணீர், காய்கறி, தானியங்கிச் சுக்கானுக்குப் புதுக் கயிறு. எட்டாம் தேதி கிளம்பியே ஆக வேண்டும். தாமதித்தால் தெற்கே புயல் பருவம் பிடித்துக்கொள்ளும். பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றுவது இந்த வருடத்துக்கு அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து எனக்கு வானிலை பார்த்துச் சொல்லும் தம்பி, போனை எடுத்ததும் முதலில் கேட்டதே எட்டாம் தேதியைப் பற்றித்தான்.

காலை 9.40க்கு, கரைக்கு முப்பத்தைந்து மைல் மேற்கே, படகின் முன்பக்கம் எதிலோ இடித்தது. மிதக்கும் கட்டையாக இருக்கும். உள்ளே தண்ணீர் ஏறவில்லை. சுற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பதிவேட்டில் எழுதியாயிற்று.

மார்ச் 3

தூங்கினேன். தின்றேன். மறுபடி தூங்கினேன்.

மார்ச் 4

கிரேனில் படகைத் தூக்கிப் பட்டறையில் வைத்தார்கள். பட்டறைக்காரர் முன்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கட்டைன்னீங்களே?"

"ஆமா."

"கட்டைக்கு யாருங்க நீலப் பெயின்ட் அடிச்சா?"

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஒரு கை நீளத்துக்கு நீலம், இழுத்துவிட்ட மாதிரி. "தேச்சுட்டு வெள்ளை அடிச்சுடறேன். பட்டதே தெரியாது" என்றார். சரி என்றேன்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றேன்?

மிதவையாக இருக்கலாம். நீல நிறத்தில் மிதவைகள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன்.

மார்ச் 5

மத்தியானம் கயிறு கோத்துக்கொண்டிருந்தேன். ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, முழங்கால்வரை ரப்பர் பூட்சோடு வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும்.

"ஏங்க, வர்ற வழியில நீலப் படகு ஒண்ணு பாத்தீங்களா? சின்னதுதான். ஒரே ஆளு. எங்க வீட்டுக்காரர்."

"இல்லங்க. பாக்கல."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய்யும் இல்லை, நான் பார்க்கவில்லைதான்.

ஒன்றாம் தேதி மீன்பிடிக்கப் போனவராம். இரண்டாம் தேதி சாயங்காலம் திரும்பியிருக்க வேண்டுமாம். "எப்பவும் தெக்கதான் போவாரு. தெக்கதான் தேடறாங்க" என்றாள். நான் கயிற்றைக் கோத்துக்கொண்டே இருந்தேன். போகும்போது திரும்பி, "நீங்களும் தனியாவே வந்தீங்களாமே. தனியா போறவங்க கண்ணுல தனியா போறவங்க படுவாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பியைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நீ பாத்தியா? பாக்கல. அப்புறம் என்னன்னு போய் சொல்லுவ?"

"பெயின்ட் இருந்துச்சுடா."

"உலகத்துல ஒரு படகுதான் நீலமா? நீ வாயத் தொறந்தா படக புடிச்சு வெச்சுக்குவாங்க. விசாரணை அது இதுன்னு எட்டாந்தேதி போயிடும். மூணு வருஷம் இதுக்காக நாய் மாதிரி அலைஞ்சோம். வாய மூடிட்டு கெளம்பு."

அவன் கெட்டவன் இல்லை. எனக்காகத்தான் பேசுகிறான். அதுதான் கஷ்டம்.

ரப்பர் பூட்ஸ். தெற்கே தேடுகிறார்கள். நான் இடித்தது மேற்கே.

அதே நாள், சற்றுக் கழித்து

'சுற்றிப் பார்த்தேன்' என்று இரண்டாம் தேதி எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில் எதற்குப் பொய்? படிக்கட்டில் நின்றபடி தலையை மட்டும் நீட்டினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் பார்த்தேன். பின்னால் திரும்பவே இல்லை. உடனே கீழே இறங்கி எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று தேடினேன். என் படகு, என் படகு, என் படகு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் டீ போட்டேன். டீ போட்டேன்!

மார்ச் 6, காலை

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் வாயில் வரும்.

தனியாகக் கடலில் போகிறவர்கள் சேர்ந்தாற்போல் தூங்குவதில்லை. அடிவானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கப்பல் நம்மை வந்து முட்ட எப்படியும் இருபது நிமிடம் ஆகும். அதனால் இருபது நிமிடம் தூக்கம், எழுந்து ஒரு சுற்றுப் பார்வை, மறுபடி இருபது நிமிடம். அறுபது நாள் இப்படித்தான் வந்தேன். கரை நெருங்கும்போது கப்பல்கள் அதிகம் என்று கடைசி இரண்டு நாள் கண்ணையே மூடவில்லை. இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்குப் படுத்தேன். பாய்மரத்தில் பாய் விரித்திருந்தது, சுக்கான் தானாக ஓடியது. அலாரம் அடித்திருக்கிறது. நானே அணைத்திருக்கிறேன் போல. நினைவில்லை. இடித்த சத்தத்தில்தான் எழுந்தேன், 9.40க்கு.

இன்று விடிந்ததிலிருந்து கடல் வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நீரோட்டம் வடக்கே இழுக்கிறது, நாளுக்குப் பதினைந்து மைல். நானே அதில் வந்தவள், எனக்குத் தெரியும். இடித்த இடத்தில் புள்ளி. நான்கு நாள் மிதந்திருந்தால் எங்கே இருக்கும் என்று ஒரு வட்டம்.

தெற்கே தேடினால் அந்த ஆள் ஜென்மத்துக்கும் கிடைக்க மாட்டார்.

போகிறேன்.

மார்ச் 6, மதியம்

சொல்லிவிட்டேன்.

துறைமுக அதிகாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பேசப் பேச டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

"எவ்ளோ நேரம் தூங்கினீங்க?"

"ஒரு மணி நாப்பது நிமிஷம்."

"பெயின்ட பாக்கலாமா?"

"தேச்சாச்சு. நான்தான் சரின்னேன்."

அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டார். "நடந்தது ரெண்டாந்தேதி. இன்னிக்கு ஆறு" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனில் பேச ஆரம்பித்தார். படகின் சாவியையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே படிக்கட்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"பாக்கலன்னு சொன்னீங்களே."

"பாக்கலம்மா. தூங்கிட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 7, காலை 10

விடிந்ததும் தேடுதல் விமானம் ஒன்று வடமேற்கே போனது. தம்பி ஆறு முறை கூப்பிட்டுவிட்டான். எடுக்கவில்லை.

11.30

விமானம் திரும்பி வந்து எண்ணெய் நிரப்பிக்கொண்டு மறுபடி போயிருக்கிறது. இல்லை என்பதற்கு இதுதான் அர்த்தமா? கேட்கத் தைரியம் இல்லை.

2.15

பட்டறைக்காரர் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "அன்னிக்கே கேட்டேன் பாருங்க, கட்டைக்கு யாரு பெயின்ட்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பொட்டலத்தை நான் பிரிக்கக்கூட இல்லை.

4.05

உயிரோடு இருக்கிறார்.

நான் போட்ட வட்டத்துக்குப் பதினோரு மைல் தள்ளி. படகில் பாதி தண்ணீர், எஞ்சின் போய்விட்டது, ஆள் உயிரோடு. உயிரோடு.

மார்ச் 8

கிளம்ப வேண்டிய நாள். காற்று அருமையாக இருக்கிறது.

மார்ச் 10

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதிகாரிதான், "போகணும்னா போங்க, ஆனா அவங்க வெளிய போன்னு சொன்னா வந்துடணும்" என்றார்.

அந்தப் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். அவருக்கு இடது கையில் மாவுக்கட்டு, உதடெல்லாம் வெடிப்பு. என்னைவிடப் பத்து வயது சின்னவர். மழைத் தண்ணீரைத் தார்ப்பாயில் பிடித்துக் குடித்திருக்கிறார். தெற்கே ஒரு வாரமாக மீனே இல்லாததால் அந்த ஒரு முறை மேற்கே போனாராம்.

என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "மன்னிச்சுடுங்க. நீங்க என்னைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேங்க. மழ புடிக்கறதுக்கு முன்னாடி, ரொம்ப தூரத்துலயே பாத்துட்டேன். அழகா இருந்துச்சு."

"விலகிப் போயிருக்கலாமே?" எப்படிக் கேட்டேன் இதை! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

அவருக்குக் கோபம் வரவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"வல தண்ணில கெடந்துச்சு, எஞ்சின அணைச்சிருந்தேன். கிட்ட வந்ததும் கத்தினேன், விசில் அடிச்சேன். அப்பவும் திரும்பிடும்னுதான் நெனச்சேன். பாய் விரிச்சிருந்துச்சு, நேரா வந்துச்சு. உள்ள ஆள் இருக்கும்னு நெனச்சேங்க."

மார்ச் 11

உள்ள ஆள் இருக்கும்னு நெனச்சேங்க.

மார்ச் 17

விசாரணை முடிந்தது. தவறு முழுவதும் என் பேரில். அவருக்கு வேறு படகு என் காப்பீட்டிலிருந்து. சாவியையும் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்து, இனி போகலாம் என்றார் அதிகாரி.

போனில் தம்பி குதித்தான். "அக்கா, இந்த வருஷம் புயல் லேட்டு! இன்னும் பத்து நாள் டைம் இருக்கு. நாளைக்கே கெளம்பிடு, தனிப் பயணக் கணக்கு விட்டுப்போகாது!"

"நீ கெளம்பி இங்க வா" என்றேன்.

"நான் எதுக்கு?"

"ரெண்டு பேருமா படகுலயே வீட்டுக்குப் போயிடலாம்."

"நான் ஏறினா அது தனிப் பயணம் இல்லையே அக்கா."

"தெரியும்டா."

பிறகு, "எனக்கு பஸ்ல போனாலே வாந்தி வருமே" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி.

மார்ச் 20

தம்பி நாளை காலை வந்து இறங்குகிறான். ஒரு தாளில் கோடு போட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்: மேல்தளத்தில் காவலுக்கு நான்கு மணி நேரம் நான், நான்கு மணி நேரம் அவன்.

மருந்துக்கடைக்குப் போய் வாந்தி மாத்திரை மூன்று அட்டை வாங்கி வந்தேன். மாத்திரைக்கும் நிற்காது, அவனை எனக்குத் தெரியும். வாந்தி எடுத்தால் எடுக்கட்டும். மேலே உட்கார்ந்து எடுக்கட்டும்.