தைப்பூசத்தன்று கொட்டிய எலுமிச்சைச் சாறு

அண்ணே,

இன்று சிங்கப்பூர் ஜாலான் புசார் சாலையில் ஒரு கடை வாசலில் புதுத் தகரத் தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெயில் பட்டு லேசான உலோக வாடை. நீங்கள் இறந்துபோய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அங்கேயே நின்று மனசுக்குள் உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். நீங்களும் நானும் ஒரே மாடியில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தோம். பானத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பெருமையில் தலைகால் புரியவில்லை. அண்ணி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் எழுந்து நடமாட வேண்டும் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டு, தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க ஏற்பாடு செய்தீர்கள். காலையில் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று முந்தின நாளே பிழிந்து, புதுத் தொட்டியில் மூடி வைத்திருந்தீர்கள்.

மறுநாள் காலை முதல் கிளாஸ் எனக்குத்தான். நாக்கு துவர்த்தது. உங்களை அசத்துவதற்கென்றே ஆய்வுக்கூடத்துச் சாமான்களைப் பையில் கொண்டுவந்திருந்தேன். கண்ணாடிக் குழாயில் சாற்றை ஊற்றி, துத்தநாகம் இருந்தால் ஒளிரவைக்கும் மருந்தைச் சொட்டிவிட்டு, மேசைத்துணிக்கு அடியில் இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்தேன். குழாய் மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தது. புளிப்பு, தொட்டியின் துத்தநாகப் பூச்சை அரித்துச் சாற்றில் இறக்கியிருந்தது.

"அண்ணே, இத குடிச்சா வாந்தி எடுப்பாங்க. மொத்தத்தையும் கொட்டிடுங்க."

"சாமிக்குன்னு பிழிஞ்சது லா. நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன் அண்ணே. தப்பா இருக்க சான்ஸே இல்ல."

நீங்களே தொட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தீர்கள். வந்தவர்களுக்கு வெறும் பைப் தண்ணீர் கொடுத்தீர்கள். "சாறு இல்லையா?" என்று ஒரு அம்மா கேட்டபோது கை கூப்பினீர்கள். நானோ பக்கத்தில் நின்று விளக்கின் மகிமையை எல்லோருக்கும் அளந்துகொண்டிருந்தேன். தேக்கா சந்தைக்கு ஓடி நாலு கூடை எலுமிச்சை வாங்கி வரலாம் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சில வாரங்களில் அண்ணி போய்விட்டார். துக்க வீட்டில் உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து மூலையில் நின்றேன். நீங்களே எழுந்து வந்தீர்கள்.

"அன்னிக்கு நீ கொட்டச் சொன்னது சரிதான்பா. மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

நான் எதுவும் கேட்கவில்லை, அண்ணே. நேர்த்திக்கடனைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. கொட்டச் சொன்னது சரி, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அண்ணியின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் உங்களுக்கு நேர்த்திக்கடன் நிறைவேறாமல் போன அந்தக் காலைதான் நினைவில் ஓடியிருக்கிறது. அந்தக் காலையை உங்களுக்குக் கொடுத்தவன் நான்.